மிலிட்டரி கன்னையா வீட்டுக்கு வந்த திமிங்கலப் பல்

கன்னையா அண்ணனின் பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின நாள், பந்தலில் உட்கார்ந்து நாங்கள் பலாக்காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். கையெல்லாம் பிசின். அப்போது ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு ஆள் வந்தான். செருப்பை வெளியிலேயே விட்டுவிட்டுக் குனிந்தபடி வந்து, என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். நாளைக்குச் சாப்பாடு முடிந்ததும் அண்ணனின் பட்டாளத்துச் சிநேகிதன் அபிசாயும் அவனுடைய பெரியவர்களும் வருவார்கள், வெறுங்கையோடு வரமாட்டார்கள், வீட்டம்மாவிடம் சொல்லிவிடுங்கள் என்றான். தண்ணீர் கொடுத்தோம். குடித்துவிட்டுப் போய்விட்டான்.

வெறுங்கையோடு வரமாட்டார்கள் என்றால் தம்புவா கொண்டு வருகிறார்கள் என்று அர்த்தம். திமிங்கலத்தின் பல். காய்வீத்திக்காரர்கள், அதாவது ஃபிஜி மண்ணின் சொந்தக்காரர்கள், தப்புச் செய்துவிட்டு மன்னிப்புக் கேட்க வந்தால் அதைத்தான் நீட்டுவார்கள். அந்தச் சடங்குக்குப் புலும்புலு என்று பெயர். புதைப்பது என்று பொருள். நீட்டியதைக் கையில் வாங்கிவிட்டால் தப்பு மண்ணுக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு அதைப்பற்றி யாரும் வாயைத் திறக்கக்கூடாது, ஜென்மத்துக்கும் கூடாது. வாங்காவிட்டால் வந்தவர்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். அந்த அவமானம் அவர்களுக்குச் சாவுக்குச் சமம்.

கன்னையா அண்ணனின் மனைவி ஜான்கி அண்ணிக்கு இதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும். அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"என்னவாம்?"

சொன்னேன்.

"வரட்டும்யா. வந்து உக்காரட்டும். நான் வாங்க மாட்டேன். யோகேந்திரா, நீதான் அவங்க பாசை நல்லாப் பேசுவ. வாங்க மாட்டாங்கன்னு சபையில சொல்லிடு. அப்புறம் அபிசாய் எம் மூஞ்சியப் பாக்கட்டும். ஏன்டா வரலன்னு நான் ஒரே ஒரு வார்த்தை கேக்கணும். அதக் கேட்டாத்தான் நான் இந்த ஊர விட்டுப் போவேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுபடியும் பருப்பு கடையும் சத்தம் கேட்டது.

எங்கள் ரக்கிராக்கிப் பக்கத்தில் கன்னையாக்களுக்குப் பஞ்சமில்லை. இவர் மிலிட்டரி கன்னையா. கரும்பு வெட்ட வந்த இந்தியர்களின் வழிவந்த நம் ஆட்கள் பட்டாளத்தில் சேர்வது அபூர்வம். கரும்பு, கடை, கச்சேரி உத்தியோகம், அதோடு சரி. இவருக்கு லாரி ஓட்டுவதில் பைத்தியம். அப்பன் ஒரு லாரி வாங்கிக் கொடுத்திருந்தால் எங்கள் ஊர்ப் பினாங்கு சர்க்கரை மில்லுக்குக் கரும்பு ஓட்டிக்கொண்டு சும்மா இருந்திருப்பார். வாங்கிக் கொடுக்கவில்லை. கோபத்தில் பஸ் ஏறித் தலைநகர் சுவாவுக்குப் போய்ப் பச்சைச் சட்டையோடு திரும்பி வந்தார். பட்டாளம் அவரை லெபனானுக்கு அனுப்பியது. அமைதி காக்கப் போன கூட்டத்தில் தண்ணீர் லாரி ஓட்டினார். அந்த இரண்டு வருஷமும் மாமனாரோடும் ஆறு வயது மகன் கம்லேஷோடும் ஜான்கி அண்ணிதான் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டாள். கேங் ஆட்களோடு சேர்ந்து கரும்பும் வெட்டினாள். கையில் இன்னும் காய்ப்பு இருக்கிறது.

அபிசாய் அங்கே அவரோடு இருந்தவன். ஒரே கூடாரம். ஊரும் பக்கத்து ஊர். இரண்டு பேரும் ஓய்வு பெற்று வந்தபின் சனிக்கிழமை சாயங்காலம் தவறாமல் அண்ணன் வீட்டு மாமரத்தடியில் நங்கோனா என்கிற வேர்ச்சாறு குடிப்பார்கள். அண்ணன் இரும்பு உரலில் வேரை இடிப்பார், அபிசாய் துணியில் பிழிவான். ஒரு சிரட்டை குடித்துவிட்டு ஒரு மணிநேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். அடுத்த சிரட்டைக்குத்தான் வாய் திறக்கும். என்னையும் கூப்பிடுவார்கள். அவர்கள் பேசாத பேச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார எனக்குப் பொறுமை கிடையாது.

எண்பத்தேழில் நம் ஆட்கள் அதிகமாக இருந்த அரசைக் கவிழ்த்துப் பட்டாளம் ஆட்சியைப் பிடித்தபோது எங்கள் ஆட்கள் கோபத்தை அண்ணன்மேல் காட்டினார்கள். உன் பட்டாளம் செய்த வேலையைப் பார் என்று கடைத்தெருவில் முகத்துக்கு நேரே கேட்டார்கள். அவர் வாங்கின சாமானை எடுத்துக்கொண்டு நடப்பார். ஒருநாள் நானும் அவரும் சுவாவுக்குப் போன பஸ்ஸை வழியில் மறித்தார்கள். துப்பாக்கியோடு ஒரு பையன் ஏறினான். மீசைகூட முளைக்கவில்லை. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அண்ணன் அவனை மேலும் கீழும் பார்த்தார். "சட்டப் பொத்தானப் போடு. துப்பாக்கியத் தரையப் பாத்துப் பிடி. யாருடா உனக்குச் சொல்லிக் கொடுத்தவன்?" என்று அவன் பாஷையிலேயே அதட்டினார். பையன் பட்டென்று குதிகாலைச் சேர்த்து நின்று பொத்தானைப் போட்டான். பஸ்ஸே சிரித்துவிட்டது. இறங்கிப் போகும்போது சல்யூட் வேறு அடித்தான். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. சுவா போய்ச் சேரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

அதற்கப்புறம் ஜனங்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். கனடா, சிட்னி, ஆக்லாந்து. கம்லேஷும் பதினைந்து வயசிலேயே படிப்பு என்று ஆக்லாந்து போனான். அங்கேயே வேலை, கல்யாணம், வீடு. வா வா என்று அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அவர் போகவில்லை. இரண்டாயிரத்தில் மறுபடி ஆட்சிக் கவிழ்ப்பு. அந்த வருஷம் பார்த்து அண்ணன் நிலத்தின் குத்தகையும் முடிந்தது. நிலம் அபிசாயின் மத்தங்காலிக்குச் சொந்தம். மத்தங்காலி என்றால் அவர்கள் குலம். கூடிப் பேசினார்கள். இளவட்டங்கள் நிலம் திரும்பி வரட்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். அபிசாய் எழுந்து அண்ணனுக்காகப் பேசினானாம். எடுபடவில்லை. இந்தக் கரும்பை வெட்டியதும் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று முடிவாயிற்று.

அந்த வாரச் சனிக்கிழமை அபிசாய் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அதன்பின் வரவே இல்லை.

வரவே இல்லை என்றும் சொல்லமுடியாது. கரும்பு டிராம் லைன்வரை வருவான். அங்கே நின்று மாமரத்தைப் பார்ப்பான், திரும்பிப் போய்விடுவான். நானே பார்த்தேன். அண்ணனும் பார்த்தார். "ஒரு சத்தம் கொடுங்கண்ணா, ஓடி வந்துடுவான்" என்றேன். "கூப்பிட்டா வெக்கப்படுவான்யா. தானா வரட்டும்" என்றார். இந்த இரண்டு கிழங்களின் ரோஷத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. அக்டோபர் வெயிலில் கரும்பு லாரிக்குப் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். அபிசாய் சுடுகாட்டுக்கு வந்தான். தூரத்தில் நின்றுவிட்டுப் போனான்.

பலாக்காய் முடிந்து பூசணிக்காய் வெட்ட ஆரம்பித்தோம். எங்கேயோ கரும்புக்கு நெருப்பு வைத்திருந்தார்கள். கரி பறந்து வந்து பந்தல் துணியில் விழுந்துகொண்டிருந்தது. என் மனைவி சுஷீலாவுக்கு வாய் சும்மா இருக்காது. அண்ணியின் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேச்சை ஆரம்பித்தாள்.

"அண்ணி, அண்ணன் உங்க சீலைக்கெல்லாம் இஸ்திரி போடுவாரே, ஞாபகம் இருக்கா? அதக் கட்டிக்கிட்டு நீங்க கோயிலுக்கு வந்தா அட்டைய மடிச்சுச் சுத்திக்கிட்டு வந்த மாதிரி இருக்கும்."

"கஞ்சி போடாதீங்கன்னு சொன்னா கேக்கவா செஞ்சாரு? உக்காந்தா மடங்காது. பூச முடியிற வரைக்கும் நின்னுக்கிட்டே இருப்பேன். இவரு பக்கத்துல நின்னுக்கிட்டு, பாரு எவ்வளவு கம்பீரமா நிக்கிறன்னு சொல்வாரு."

"எங்க புள்ளைங்க ஷூவக்கூட விடமாட்டாரு. ஞாயித்துக்கிழமையானா எல்லாத்தையும் புடுங்கிட்டுப் போயி வரிசையா வச்சுப் பாலிஷ் போடுவாரு."

"போட்டு முடிச்சிட்டு ஒவ்வொண்ணையும் மூக்குக்கிட்ட வச்சு மோந்து பாப்பாரு. என்ன எழவோ." அண்ணி சிரிக்கப் போனாள், முடியவில்லை. "சாயங்காலம் அந்த மேட்டுல லாரி ஏறுற சத்தம் கேட்டா இன்னும் எந்திரிச்சுடுறேன் சுஷீலா. சாய்க்குத் தண்ணி வைக்கணும்னு கை போயிடுது. அப்புறந்தான் தெரியும், வேற யாரோ. கியர ஒழுங்கா மாத்துறான். இவரு ஒருநாளும் அந்த மேட்டுல ஒழுங்கா மாத்துனதில்ல."

பூசணிக்காயைத் தொடர்ந்து வெட்டினோம். அழுதிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

கம்லேஷ் பின்பக்கத்தில் தகரங்களை எண்ணிக்கொண்டிருந்தான். வீட்டைப் பிரித்துத் தகரத்தையும் பலகையையும் விற்றுவிடுவது, அம்மாவைக் கூட்டிக்கொண்டு நாளை சாயங்காலமே நாண்டி ஏர்போர்ட்டுக்குக் கிளம்புவது என்று ஏற்பாடு. ஆக்லாந்தில் எதையோ பெரிதாக நிர்வாகம் செய்பவன். அவன் தமிழ் பாதி, இந்தி மீதி, இங்கிலீஷ் நடுவில்.

"சித்தப்பா, யாரு வர்றாங்கன்னு சொன்னீங்க? அந்த அபிசாய் அங்கிளா? கேட்டுக்கு உள்ள விடாதீங்க. நிலத்த எடுத்துக்கிட்டாங்க. அப்பாவையும் எடுத்துக்கிட்டாங்க. இப்ப என்னத்துக்கு வர்றாங்க, டிராமா பண்ணவா?"

"அப்பாவ சாமி எடுத்துச்சுடா. வர்றவங்கள வரவேண்டாம்னு இந்த வீட்டுல யாரும் சொன்னதில்ல. வரட்டும். வாங்கறதும் வாங்காததும் எம் பாடு. நீ நடுவுல பேசாத" என்றாள் அண்ணி.

மறுநாள் பண்டாரம் வந்து பிண்டம் வைத்தார். எங்கள் ஊரில் காக்கை கிடையாது, மைனாதான். கூரையிலிருந்து இறங்கி வந்து ஒரு மைனா நேராகப் பலாக்காய்க் கறியைக் கொத்தியது. அண்ணனுக்குப் பிடித்த கறிதான் என்று எல்லோருக்கும் ஒரு நிம்மதி. எங்கள் செட்டில்மெண்ட் குடியிருப்பே வந்து சாப்பிட்டது. சாதம், பருப்பு, தாலோ என்கிற சேப்பங்கீரைப் புளிக்கறி, பூசணிக்காய், பலாக்காய், பாயசம். மில்லுக்கு ஷிப்ட் போகிறவர்கள் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பியபோது அவர்கள் வந்தார்கள்.

ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். எல்லோரும் இடுப்பில் வேட்டி மாதிரி கறுப்பு சூலு கட்டியிருந்தார்கள். கோரைப்பாய் இரண்டு, மண்ணெண்ணெய் டின் ஒன்று, ஒரு கட்டு நங்கோனா வேர். பந்தலுக்கு வெளியிலேயே கையூன்றி உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்து உள்ளே வந்தார்கள். அபிசாய் கடைசியில் இருந்தான். மெடல் குத்திய கோட்டு. அண்ணனிடமும் அதே மெடல் உண்டு. ஆள் பாதியாகிவிட்டிருந்தான். தலையைத் தூக்கவே இல்லை.

நான் எங்கள் பக்கத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். வீட்டுப் பிள்ளை என்பதால் கம்லேஷ் எனக்குப் பக்கத்தில், மொட்டைத் தலையும் வெள்ளை வேட்டியுமாக. அண்ணி நிலைப்படியில் நின்றாள். அவர்களுடைய சார்பில் பேசுகிற கிழவர் முழங்காலில் முன்னுக்கு வந்தார். சட்டைக்குள்ளிருந்து தம்புவாவை எடுத்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். நாளான எலும்பின் மஞ்சள், தேங்காய் நார்க் கயிறு. நல்ல கனமான பல்.

கிழவர் பேச ஆரம்பித்தார். அந்தப் பேச்சு லேசில் முடியாது. குலத்தின் பெயரைச் சொல்ல வேண்டும், மலையின் பெயரைச் சொல்ல வேண்டும், எங்களுடைய பெரியவர்களை எல்லாம் வணங்க வேண்டும். கன்னையா எங்கள் பிள்ளை, எங்களோடு தூரதேசம் போன பிள்ளை, அவர் வீட்டு அடுப்பை அணைத்தது நாங்கள்தான் என்றார். நான் சொல்ல வேண்டிய பதிலை மனசுக்குள் கோத்துக்கொண்டிருந்தேன். கேட்டோம், ஆனால் கை நீளாது என்று மரியாதையாகச் சொல்ல வேண்டும். வாழ்நாளில் இப்படி ஒன்றை நான் சொன்னதில்லை.

கிழவருக்கு எண்பது வயதுக்கு மேல் இருக்கும். கை நடுங்க ஆரம்பித்தது. பல் ஆடியது. கயிறு ஆடியது. பேச்சு இன்னும் முடியவில்லை.

கம்லேஷ் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவனுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. புரிந்ததெல்லாம் ஒரு வயசானவர் கனமான ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரமப்படுகிறார் என்பதுதான். அவன் எழுந்து ஒரு எட்டு வைத்து, குனிந்து, இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டான். வாங்கி, "சிட் டவுன் அங்கிள், சிட் டவுன்" என்று கிழவரின் தோளைத் தொட்டு உட்காரவும் வைத்தான்.

உள்ளங்கையைக் குவித்து அவர்கள் எல்லோரும் தட்டினார்கள். டொப், டொப், டொப் என்று ஆழமான சத்தம். அபிசாய் முகத்தைத் தரையில் பதித்துவிட்டான்.

முடிந்துபோயிற்று. நான் கோத்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் வாயிலேயே நின்றுவிட்டது.

"என்ன சித்தப்பா? ஏன் தட்டுறாங்க?"

"நீ வாங்கிட்டடா. மன்னிச்சாச்சுன்னு அர்த்தம்."

கம்லேஷுக்கு முகம் வெளுத்துவிட்டது. "நோ, நோ. அவர் கை ஆடுதேன்னு... நான் மன்னிக்கல! மா, நான் தெரியாமப் பண்ணிட்டேன். திருப்பிக் கொடுத்துடறேன்."

எல்லாம் இந்தியில்தான் சொன்னான். அவர்கள் எல்லோருக்கும் புரிந்தது. கிழவர் நிமிர்ந்து நிலைப்படியைப் பார்த்தார். அவரும் எங்கள் இந்தியிலேயே சொன்னார்: "மகளே, பையன் வெளிநாட்டில் வளர்ந்தவன். தெரியாமல் வாங்கினான் என்று எங்களுக்குத் தெரிகிறது. இந்த வீட்டில் உன் வார்த்தைதான். வேண்டாம் என்று சொல், எடுத்துக்கொண்டு போகிறோம். உன்மேல் குற்றமில்லை."

அண்ணி வாசற்படி இறங்கி வந்தாள். கம்லேஷ் பல்லை அவளிடம் நீட்டினான். அவள் அதைப் பார்க்கவில்லை. அபிசாயின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நேற்றிலிருந்து அவள் நாக்கு நுனியில் வைத்திருந்த அந்த ஒரு வார்த்தை இப்போது வந்துவிடும் என்று நினைத்தேன். கேட்டுவிட்டால் தம்புவா திரும்பிப் போக வேண்டும். தம்புவா இருந்தால் கேட்கக்கூடாது. இரண்டில் ஒன்று.

"அவரு இருந்திருந்தா இந்நேரம் வாங்கி மடியில வச்சிருப்பாரு" என்றாள். என்னிடம் சொல்கிறாளா, மகனிடம் சொல்கிறாளா தெரியவில்லை. "ஏன் வரலன்னுகூடக் கேட்டிருக்க மாட்டாரு. உரல எடுத்துட்டு வான்னுதான் என்கிட்டச் சொல்லியிருப்பாரு. அதான்யா எனக்கு ஆத்தாமையா இருக்கு. ஒண்ணையுமே கேக்காத மனுசன். கேக்காமலே போயிட்டாரு."

சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மகனிடம் திரும்பினாள்.

"உள்ள கொண்டுபோயி அப்பா போட்டோகிட்ட வைடா. ரெண்டு கையாலயும் பிடி."

அபிசாய் விம்மி விம்மி அழுதான். அவ்வளவு பெரிய ஆம்பிளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை. எங்கள் ஆட்களிலும் பாதிப் பேர் அழுதார்கள். நான் அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கிழவர் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார். இனி நீ எங்கள் வீட்டுப் பெண், எதையாவது கேள், நாங்கள் இல்லை என்று சொல்லக்கூடாது என்றார். உள்ளேயிருந்து திரும்பி வந்த கம்லேஷுக்கு வியாபார மூளை வேலை செய்தது. அம்மாவின் காதருகில் குனிந்து, "மா, வீட்டு மனைய மட்டும் கேளு. கொடுப்பாங்க. வீட்டப் பிரிக்க வேண்டாம்" என்றான். எனக்கும் அதே எண்ணம்தான். அப்போது கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள், சத்தியமாகக் கொடுத்திருப்பார்கள்.

"மனைய வச்சுக்கிட்டு நான் யாரோட குடித்தனம் பண்ணறது?" என்றாள் அண்ணி. நேராக அபிசாயின் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"அபிசாய், அங்க இருந்த ரெண்டு வருசம் அவரு எனக்கில்ல. உனக்குத்தான். வந்து ஒண்ணும் சொல்லல. எப்பக் கேட்டாலும் சூடு, தூசின்னு ரெண்டு வார்த்தையோட முடிச்சுடுவாரு. மிச்சமெல்லாம் உங்கிட்டதான் இருக்கு. அதக் குடு. வேற ஒண்ணும் வேண்டாம்."

அபிசாய் முகத்தைத் துடைத்துக்கொண்டான். எப்போதும் கூப்பிடுகிறபடி 'பௌஜி' என்றுதான் ஆரம்பித்தான். எங்கள் இந்தியில் அண்ணி என்று அர்த்தம்.

"என்ன சொல்றது பௌஜி? சண்டையெல்லாம் எங்களுக்குக் கொஞ்சந்தான். காத்துக்கிட்டு இருக்கறதுதான் வேலை. சாயங்காலம் தண்ணி லாரிய நிறுத்திட்டு வந்து மணல் மூட்டைமேல உக்காருவான். அங்க இருட்டும்போது இங்க விடியும், தெரியுமா? அதனால அந்த நேரம் பாத்து உங்க வீட்டுக்குள்ள நடக்கறத எனக்குச் சொல்லுவான். பக்கத்துல இருந்து பாக்கற மாதிரி சொல்லுவான். இப்ப ஜான்கி எந்திரிச்சுட்டா. இப்ப விறகு ஈரமா இருக்குன்னு எங்கப்பனத் திட்டறா. இப்ப மாவு பிசையறா."

"திட்டமாட்டேன், முணுமுணுப்பேன்" என்றாள் அண்ணி.

"தினம் அதேதான் பௌஜி. எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு. இப்ப மொதல் ரொட்டி கல்லுல போடறா. கல்லு சூடு தெரியாம மொதல் ரொட்டி எப்பவும் கருகிப் போகும். யாரும் பாக்கறதுக்குள்ள அத எடுத்துச் சீலைக்குள்ள மறைச்சுக்குவா. எல்லாருக்கும் நல்லதக் குடுத்துட்டு, பின்பக்கமாப் போயி நின்னு, அந்தக் கருகினத அவ தின்னுடுவா. யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா பைத்தியம். இதச் சொல்லிட்டுத்தான் அவன் எந்திரிப்பான். நாளைக்குப் பாப்போம்னு தூங்கப் போவான்."

சுஷீலா அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். நாங்கள் எல்லோருமே பார்த்தோம். அண்ணியின் முகம் கல்யாணப்பெண்ணின் முகம் மாதிரி சிவந்துபோயிருந்தது.

"அவருக்குத் தெரியுமா அது?"

"தெரியும் பௌஜி."

"இத்தன வருசமாவா?"

வெளியில் ஏர்போர்ட்டுக்குப் போகிற வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். கம்லேஷ் எழுந்தான். அண்ணி அவன் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"வண்டி நிக்கட்டும்டா" என்றாள். "நீ சொல்லு அபிசாய். ரொட்டி தின்னாச்சு. அப்புறம் நான் என்ன பண்ணேன்?"